உண்டியலை யாரும் வரைவதில்லை

பழைய வணிகக் குடும்பங்களைப் பற்றிய ஆங்கில நூல்கள் தமிழுக்கு வருவது நல்ல காரியம்தான். ஆனால் "அவர் ரங்கூன் மீது ஓர் உண்டியலை வரைந்தார்" என்ற வகை வாக்கியத்தை எத்தனை முறை பொறுத்துக்கொள்வது? ரங்கூன் மேல் ஏறி உட்கார்ந்து சித்திரமா வரைந்தார் மனிதர்? இங்கே உண்டியல் என்பது வெளியூர்க் கடைக்குப் பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் தாள்; அதை எழுதுவதற்கு ஆங்கிலத்தில் "டிரா" என்பார்கள், அதை அப்படியே பெயர்த்த விளைவு இது. இன்னொரு மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் உஷாரானவர். உண்டியல் என்றால் கோயில் பெட்டி என்று வாசகர் நினைத்துவிடுவாரே என்று பயந்து "மாற்றுச்சீட்டு" என்று போடுகிறார். மூன்றாமவர் கையைக் கழுவிக்கொண்டு "ஹுண்டி" என்று எழுதிவிடுகிறார். செய்தித்தாள்காரருக்கோ எல்லாம் "ஹவாலா".

சொல்லின் வரலாறு சுருக்கமானது. வடமொழியில் ஹுண்டிகா, 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் எழுதிய இராசதரங்கிணியிலேயே பணம் கொடுக்கச் சொல்லும் ஓலை என்ற பொருளில் வருகிறது. இந்தியில் ஹுண்டி. ஹிந்து இந்து ஆனதுபோல முதலெழுத்தை உதிர்த்துவிட்டுத் தமிழில் உண்டியல் ஆயிற்று. வடக்கே அது தாள் மட்டும். தெற்கே, தெலுங்கு கன்னடம் உள்பட, கோயில் பெட்டிக்கும் அதே பெயர். சாப்பாட்டைக் குறிக்கும் உண்டியிலிருந்து இதை இழுத்துக்கட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கடைக்காரன் சொல்லுக்குச் சோற்றுப்பானையில் வேர் தேட வேண்டியதில்லை.

அந்தத் தாள் என்ன வேலை செய்தது என்று தெரிந்தால்தான் பெயர்ச் சண்டைக்கே அர்த்தம். 1905 வாக்கில் விருதுபட்டியில் (1923இல்தான் அது விருதுநகர் ஆனது) கடை வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். வத்தலும் பருத்தியும் தூத்துக்குடிக்கு அனுப்புகிறார். பம்பாயிலிருந்து ஜவுளி வாங்குகிறார். ஜவுளிக்காரருக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை. ஆயிரம் ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 11.66 கிலோ வெள்ளி. அதை மூட்டை கட்டி ரயிலில் ஏற்றிவிட்டு யார் நிம்மதியாகத் தூங்குவது? நோட்டு இருந்தது, ஆனால் அதற்கு எல்லையும் இருந்தது. நோட்டுக்காக நாட்டை வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள்; சென்னை வட்டத்து நோட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் பம்பாயில் யாருக்கும் இல்லை. பத்து ரூபாய் நோட்டு 1910இலும் நூறு ரூபாய் நோட்டு 1911இலும்தான் எல்லா வட்டங்களிலும் செல்லுபடியாகின. தபாலில் நோட்டு அனுப்பியவர்கள் அதை இரண்டாக வெட்டி ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்ததென்று பதில் கடிதம் கண்ட பிறகுதான் மறுபாதி கிளம்பும். மணியார்டர் 1880 முதலே உண்டு. அது குடும்பச் செலவுக்கு ஆகும், சரக்குக் கணக்குக்கு ஆகாது.

ஆகவே மனிதர் லேவாதேவிக் கடைக்குப் போகிறார். ரூபாயைக் கட்டுகிறார். கடைக்காரர் தமக்குரிய கழிவைப் பிடித்துக்கொண்டு, பம்பாயில் தம்மோடு கணக்கு வைத்திருக்கும் கடைக்கு ஒரு தாள் எழுதித் தருகிறார்: இதைக் கொண்டுவருபவருக்கு இவ்வளவு கொடுத்துவிடவும். அதுதான் உண்டியல். தொகையைத் திருத்திவிடக் கூடாதே என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, அதில் பாதி இவ்வளவு, அதன் இரட்டிப்பு இவ்வளவு என்றும் வடக்கத்தி உண்டியல்களில் எழுதியிருப்பார்கள். காட்டியவுடன் பணம் தருவது தரிசன உண்டியல். இத்தனை நாள் கழித்துத் தருவது தவணை உண்டியல். அதை முத்திரைத் தாளில் எழுத வேண்டும். கடைவீதியில் பெயருள்ள ஒரு சாகுகாரர் வந்து கேட்டால் மட்டும் பணம் தருவது சாஜோக். சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால்தான் பணம் என்று நிபந்தனை போட்டது ஜோக்மி. ஒரே தாளில் உண்டியலும் காப்பீடும்! நாட்டுக்கோட்டையார், கல்லிடைக்குறிச்சி பிராமணர், சென்னையில் வடக்கேயிருந்து வந்த மூல்தானிகள் என்று இந்தத் தொழிலில் பேர்போனவர்கள் பலர். உண்டியல், காசோலை போன்ற தாள்களுக்காக வந்த 1881ஆம் ஆண்டுச் சட்டம்கூட, இந்திய மொழிகளில் எழுதிய இந்தத் தாள்களுக்கு அந்தந்த ஊர் வழக்கமே செல்லும் என்று முதல் பிரிவிலேயே ஒதுங்கிக்கொண்டது.

இப்போது மாற்றுச்சீட்டுக்கு வருவோம். இதை ஆதரிப்பவர்கள் இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, உண்டியல் வடசொல். சரி, சீட்டு? அதை இந்திச் சிட்டியோடு உறவு சொல்பவர்களும் உண்டு. ஒருவரை வெளியே தள்ளிவிட்டு அவருடைய பங்காளியை உள்ளே கூட்டிவருவதில் என்ன தூய்மை? நான் தனித்தமிழுக்கு எதிரி அல்ல. நல்ல தமிழ்ச் சொல் கிடைத்தால் முதலில் எடுத்துக்கொள்பவன். ஆனால் நூறாண்டுக்கு மேலாகப் பேரேட்டில் எழுதிப் பழகிய சொல்லைப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுத் துரத்துவது தூய்மை ஆகாது.

இரண்டாவது காரணம் தெளிவாம். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். சீட்டு என்ற சொல் ஏற்கெனவே எத்தனை சுமை சுமக்கிறது! பேருந்தில் சீட்டு, மருத்துவர் எழுதுவது சீட்டு, மாதாமாதம் கட்டுவது சீட்டு, திண்ணையில் ஆடுவது சீட்டு, ஆளைக் கழித்துக்கட்டினால் சீட்டைக் கிழிப்பது. அதன் முன்னால் "மாற்று" என்று ஒட்டினால் தெளிவு வந்துவிடுமா? மாற்றுச் சான்றிதழ் என்றால் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது வாங்குவது. மாற்று ஏற்பாடு என்றால் இது இல்லாவிட்டால் அது. நகைக்கடையில் மாற்று என்றால் தங்கத்தின் தரம். பதினோராம் வகுப்புப் பிள்ளை மாற்றுச்சீட்டு என்று படித்தால், தொலைந்த சீட்டுக்குப் பதிலாகத் தருவது என்றுதான் நினைக்கும். நினைத்தால் பிள்ளை மேல் தப்பில்லை.

இலங்கைத் தமிழர்கள் இதில் நம்மைவிடத் தெளிவு. ஆங்கிலத்தில் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் என்பதை மாற்றுண்டியல் என்றார்கள். அங்கும் "மாற்று" இருக்கிறதே என்று மடக்கலாம். இருக்கிறது, எனக்கும் அது அவ்வளவு பிடித்தமில்லை. ஆனால் உண்டியல் என்ற தலைச்சொல் நின்றுவிட்டதால் பொருள் தடம் புரளவில்லை. அதோடு விடாமல் அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்கு விற்கும் தாளைத் திறைசேரி உண்டியல் என்றும், நீண்ட காலத்துக்கு விற்பதைத் திறைசேரி முறி என்றும் பிரித்தார்கள். முதலாவது 91, 182, 364 நாள்களில் முதிர்வது. நம் விருதுபட்டிக்காரர் பார்த்தால் தவணை உண்டியல்தானே என்று ஒரே நொடியில் சொல்லியிருப்பார். இங்கே நம் நாளிதழ்களில் இரண்டுமே "கருவூலப் பத்திரம்". மூன்று மாதக் கடனுக்கும் முப்பது வருடக் கடனுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் பொருளாதாரச் செய்தி எழுதுகிறோம். முறியும் நமக்கு அந்நியம் இல்லை. 1881ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செலாவணி முறிச் சட்டம் என்று சொல்லும் வழக்கறிஞர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கும் போட்டியாக "மாற்றுமுறை ஆவணச் சட்டம்" வந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் மாற்று!

ஹவாலா வேறு சங்கதி. அரபியில் மாற்றிவிடுவது என்ற வேரிலிருந்து வந்த சொல். உண்டியல் எழுத்து, கைமாறும், பின்பக்கம் கையெழுத்துப் போட்டு அடுத்தவருக்குத் தரலாம், பணம் வராவிட்டால் நீதிமன்றம் போகலாம். இன்றைய ஹவாலா பெரும்பாலும் வாய்ச்சொல்லும் தொலைபேசியும். வங்கிக்கு வெளியே வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புவதையும் யாழ்ப்பாணத்தில் உண்டியல் என்றே சொல்கிறார்கள்; அது பேச்சில் சொல் நகர்ந்த கதை, மறுப்பதற்கில்லை. அதற்காக 1910இல் முத்திரைத் தாளில் எழுதிய உண்டியலை ஹவாலா என்று மொழிபெயர்த்தால், சட்டப்படி நடந்த வியாபாரம் கடத்தல் கதை ஆகிவிடுகிறது.

பெயர்ச்சொல்லைச் சரியாகப் போட்டாலும் வினைச்சொல்லில் கவிழ்பவர்கள் உண்டு. உண்டியலை வரைவதில்லை, எழுதுவது. ரங்கூன் மீது அல்ல, ரங்கூன் கடைக்கு. பணம் கொடுத்ததை "உண்டியலைக் கௌரவித்தார்" என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன், பொன்னாடை போர்த்தினாரா? பணம் கிடைக்காவிட்டால் உண்டியல் திரும்பிவிட்டது என்பதுதான் பேச்சு. காசோலைக்கும் அதையே சொன்னோம், செக் திரும்பிடுச்சு என்று. இப்போது செய்தித்தாளில் திரும்பிய காசோலை ஒவ்வொன்றும் "செக் மோசடி". கொடுத்தவர் ஏமாற்றினாரா, வியாபாரம் நொடித்துப் போனாரா என்ற விசாரணையே கிடையாது. நொடித்துப்போனவருக்கு அந்தக் காலத்துக் கடைவீதியில் தனிச் சொல்லே இருந்தது: மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார். திருடிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை.