"யோசிக்காதேங்கோ" என்று சொல்லாதேங்கோ

திருகோணமலையில் உளவளத்துணை வேலைக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன. என்னிடம் வருகிறவர்களில் அநேகர் "மனசு சரியில்லை" என்று கதையைத் தொடங்குவதில்லை. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் விறைப்பு என்றுதான் தொடங்குவார்கள். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் ஈசிஜி, இரத்தப் பரிசோதனைத் துண்டுகள். எல்லாமே நோர்மல். அதைச் சொல்லும்போது அவர்களின் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் கூடத் தெரியும்.

உப்புவெளிப் பக்கத்து அக்கா ஒருவர் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) திங்கட்கிழமை இரவுகளில்தான் நெஞ்சு இறுக்கும் என்றார். அதென்ன திங்கள்? கதைத்துக்கொண்டு போகப் பிடிபட்டது. செவ்வாய் காலையில் லோன்காரர் வாசலுக்கு வருவார். கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால் கடல் கொந்தளிக்கும், கணவரின் படகு கரையில் கிடக்கும். உழைப்பு நின்றாலும் கட்டுக்காசு நிற்காது. உடம்புக்கு ஆபத்தைத் தரம்பிரிக்கத் தெரியாது. உயிருக்கு ஆபத்து வந்தால் நெஞ்சைப் படபடக்க வைக்கிற அதே அட்ரினலின்தான் லோன்காரரின் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கும் சுரக்கிறது.

"வீட்டில என்ன சொல்லினம்?" என்று கேட்டேன்.

"எல்லாரும் யோசிக்காதேங்கோ எண்டுதான் மிஸ். இப்ப யோசிக்கக்கூடாது எண்டதையும் சேத்து யோசிக்கிறன்."

அன்பாகச் சொல்லப்படும் இந்தச் சொல்லைப்போல உதவாத சொல் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 1987 இல் அமெரிக்க உளவியலாளர் டானியல் வெக்னரும் அவரோடு சேர்ந்தவர்களும் சிலரிடம், "ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள்" என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்களும் எங்கள் திருகோணமலைக் கோட்டைக்குள் திரிகிற மான்களை நினைக்காமல் ஒரு நிமிடம் இருந்து பாருங்கள்.

அதனால் அக்காவிடம் நேரெதிராகச் சொன்னேன்: நல்லா யோசியுங்கோ, ஆனால் பின்னேரம் ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரைக்கும் மட்டும். மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, மனதில் உருள்வதையெல்லாம் எழுதச் சொன்னேன். மற்ற நேரத்தில் கவலை வந்தால், "ஐஞ்சு மணிக்குப் பாப்பம்" என்று ஒத்திப்போட வேண்டும். படுக்கப்போகும் நேரத்துக்கு இதை வைக்கக்கூடாது.

அடுத்த முறை கொப்பியோடு வந்தார். பக்கத்தின் நடுவே கோடு. இடப்பக்கம் தன்னால் ஏதாவது செய்யக்கூடியவை: கட்டுக்காசுக்குத் தவணை கேட்பது, தங்கச்சியிடம் உண்மையைச் சொல்வது. வலப்பக்கம் இரண்டே சொற்கள்: காற்று, கடல். கணவரின் குடியை எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல் கோட்டுக்கு மேலேயே எழுதியிருந்தார். அதைப்பற்றியே அன்று முழுக்கக் கதைத்தோம்.

நெஞ்சு இறுகும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவதும் உதவும். ஆனால் நெஞ்சுவலி புதிதாக வந்தால் முதலில் ஆஸ்பத்திரிதான். மனக்கவலை என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம். அயலவரிடம் நித்திரைக் குளிசை வாங்கிப் போடும் பழக்கமும் இங்கே கூட, அது வேண்டவே வேண்டாம்.

சோர்வும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் மனநல கிளினிக்குக்குப் போங்கள். "விசர் டொக்டர்" என்று ஊர் சொல்லும் என்று பயந்து வருடக்கணக்கில் இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். யாராவது சாகிற கதை கதைத்தால் பேச்சை மாற்றாமல் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.

அக்காவின் கடன் இன்னும் முடியவில்லை. திங்கள் இரவுகளில் நாலு மணிவரை நித்திரை வருகிறதாம்.