முகவாதம்: சொல்லும் நோயும்

தமிழில் 'வாதம்' என்று எழுதினால் இரண்டு வடசொற்கள் ஒரே உருவில் வந்து நிற்கும். ஒன்று சொல்லாடல், வழக்காடல். மற்றொன்று காற்று. நோய்ப் பெயர்களில் இருப்பது இரண்டாவது. உடலில் அசைவை நடத்துவது காற்று, அது கெட்டால் அசைவும் கெடும் என்பது ஆயுர்வேதத்துக்கும் சித்த மருத்துவத்துக்கும் பொதுவான கொள்கை. இதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல் 'வளி'. திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து முதற்குறளிலேயே 'வளிமுதலா எண்ணிய மூன்று' என்று அது வந்துவிடுகிறது.

அசைவு கெட்ட நோய்க்கெல்லாம் வாதம் என்று பெயரிட்டதால், வெவ்வேறு நோய்கள் ஒரே குடும்பம்போல் தெரிகின்றன. பக்கவாதம் (இலங்கையில் பாரிசவாதம்) மூளையின் ரத்தக் குழாய் அடைப்பாலோ கசிவாலோ வருவது. இளம்பிள்ளை வாதம் வைரஸ் தொற்று. முடக்குவாதம் மூட்டு அழற்சி. முகத்தின் ஒரு பக்கம் அசையாமல் தொய்ந்துபோகும் முகவாதம், முகத்துக்கு வரும் ஒற்றை நரம்பின் கோளாறு. பெயர் ஒன்றாக இருப்பதால் முகவாதம் வந்தவருக்கு 'ஸ்ட்ரோக்' என்று வீடே பதறுவதும், உண்மையான பக்கவாதத்தை 'காத்து அடிச்சிருக்கு, சரியாயிடும்' என்று விட்டுவிடுவதும் நடக்கின்றன. இரண்டாவது உயிருக்கே ஆபத்து.

ஆயுர்வேத நூல்கள் முகவாதத்தை 'அர்திதம்' என்கின்றன. வருத்தப்பட்டது, துன்புற்றது என்று பொருள். காரணம் தெரியாமல் திடீரென வரும் முகவாதத்துக்கு ஆங்கிலத்தில் 'பெல்ஸ் பால்சி' என்று பெயர். அதில் 'பால்சி', கிரேக்க 'பராலிசிஸ்' பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்த வடிவம். அதன் வேர்ப்பொருள் தளர்ந்துபோதல். 'பெல்' என்பது எடின்பரோவில் பிறந்த அறுவை மருத்துவர் சர் சார்லஸ் பெல் (1774–1842). முக நரம்பு அறுபட்டால் முக அசைவு நின்றுவிடும் என்பதை 1821இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் அவர் காட்டினார். ஆனால் நோயை முதலில் விவரித்தவர் அவரல்லர். 1798இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஃபிரீட்ரைக் எழுதியிருக்கிறார். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பு பாரசீகத்தின் அல்-ராஸியும் எழுதியிருக்கிறார்.

சரியான தமிழ் எது? 'முகத் தசைச் செயலிழப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். தசை நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு ஆணை கொண்டுவரும் நரம்புதான் வேலை செய்யவில்லை என்பதால் இது பிழை. 'முக முடக்கம்' என்பதும் பொருந்தாது. முடங்குவது மடங்கி இறுகுவது, இங்கோ முகம் தொய்கிறது. 'முக நரம்புச் செயலிழப்பு' என்பதே துல்லியம். அசைவு ஓரளவு மிஞ்சியிருந்தால் 'செயல்குறைவு' என்று எழுதலாம். காரணம் தெரியாமல் திடீரென வருவதைப் 'பெல் முகவாதம்' எனலாம். பேச்சில் முகவாதம் இருக்கட்டும். மருத்துவக் குறிப்பில் நரம்பின் பெயர் இருக்க வேண்டும்.

அந்த நரம்பு மூளையிலிருந்து வரும் ஏழாவது இணை. காதுக்குப் பக்கத்து எலும்புக்குள் சுமார் 3 செ.மீ. நீளக் குழாய் வழியே வளைந்து வந்து, காது மடலுக்குப் பின்கீழே வெளிப்பட்டு, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. குழாயின் குறுகிய இடம் 1 மி.மீட்டருக்கும் குறைவு. நரம்பு வீங்கினால் விரிய இடமில்லாமல் நசுங்குகிறது. வீக்கத்துக்குக் காரணம், உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் மீண்டும் விழிப்பது என்பதே இன்று பெரிதும் கருதப்படுவது. பேருந்து ஜன்னல் காற்றும் மின்விசிறியும் காரணம் என்று நிறுவப்படவில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களிலும் வாய்ப்பு கூடுதல்.

அறிகுறிகள் சில மணி நேரத்தில் தொடங்கி மூன்று நாளுக்குள் முழு அளவை எட்டும். கொப்பளிக்கும் தண்ணீர் ஒரு ஓரமாக ஒழுகும், சோறு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தங்கும், கண் மூடாது. அதே நரம்பு நாக்கின் முன்பகுதிச் சுவையையும், கண்ணீரையும், காதுக்குள் இருக்கும் ஒரு சிறு தசையையும் கவனிக்கிறது. ஆகவே ருசி குறையலாம், கண் உலரலாம், குக்கர் விசில் காதைக் குத்தலாம். காதுக்குப் பின்னால் வலி முன்னதாகவே வருவதுண்டு. 'வாய் இழுத்துக்கிச்சு' என்கிறோமே, இழுத்துக்கொண்ட பக்கம் நல்ல பக்கம். தொய்ந்து கிடப்பதுதான் நோயுற்ற பக்கம். எண்ணெய் தடவுகிறவர்கள் பலமுறை நல்ல கன்னத்தையே பிடித்துவிடுகிறார்கள்.

பக்கவாதத்திலிருந்து பிரித்தறிய நெற்றியைப் பார்க்க வேண்டும். புருவத்தை உயர்த்தச் சொன்னால் முகவாதத்தில் அந்தப் பக்கம் சுருக்கமே விழாது. நெற்றிக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் ஆணை வருவதால் பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி தப்பிவிடும், வாய் மட்டும் கோணும். இதுவும் முழு உறுதி தராது. மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் நெற்றியையும் பிடிக்கலாம். கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம் எது இருந்தாலும், ஐயம் இருந்தாலும், உடனே 108. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரமே கெடு.

பெல் முகவாதத்துக்குக் கெடு 72 மணி நேரம். அதற்குள் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். வழக்கமாகப் பெரியவர்களுக்குப் பிரட்னிசோலோன் தினம் 50 மி.கி. பத்து நாள், அல்லது 60 மி.கி. ஐந்து நாள் கொடுத்துப் பின் தினம் 10 மி.கி. வீதம் குறைப்பார்கள். நீரிழிவு இருந்தால் சர்க்கரை ஏறும். அளவை மருத்துவர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை அல்ல இது. வைரஸ் மருந்தைத் தனியாகக் கொடுப்பதில் பயனில்லை. காதில் கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் கதை வேறு: அது அக்கி வைரஸின் வேலை, அங்கே வைரஸ் மருந்தும் கட்டாயம். மருந்தே இல்லாமலும் பத்தில் ஏழு பேருக்கு முகம் முழுதாகத் திரும்பும். நாட்டுச் சிகிச்சைகள் பலித்ததாகத் தோன்றுவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் மீதி மூவரில் யார் இருப்பார்கள் என்று முதல் நாளில் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட அவசரம் கண். மூடாத கண்ணின் கருவிழி உலர்ந்து புண்ணாகிப் பார்வையே போகலாம். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒன்றிரண்டு மணிக்கொருமுறை, வெளியே போனால் கண்ணாடி, இரவில் கண் களிம்பு. பிறகு இமையை விரலால் மூடி மருத்துவ டேப்பை ஒட்ட வேண்டும். பஞ்சை நேரே கண்மேல் வைத்துக் கட்டினால், உள்ளே இமை திறந்து பஞ்சே கருவிழியை உராயும். கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றைக்கே கண் மருத்துவர்.

பயிற்சியில் வேகம் கூடாது. கண்ணாடி முன் மெதுவாக, சிறு அசைவாக, இருபுறமும் சமமாக வருகிறதா என்று பார்த்துச் செய்ய வேண்டும். பலூன் ஊதுவதும் முழு வலுவோடு முகத்தைச் சுளிப்பதும் நல்லதல்ல. வளர்ந்துவரும் நரம்பிழைகள் தவறான தசையையோ சுரப்பியையோ போய்ச் சேர்ந்திருந்தால், சிரிக்கும்போது கண் சுருங்கும், சாப்பிடும்போது கண்ணீர் வரும். அத்தகைய அசைவுகள் நிலைத்துவிட்டால் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி உதவும்.

மூன்று வாரத்தில் பெரும்பாலோருக்கு அசைவு தலைகாட்டும். மூன்று மாதமாகியும் முழுதாகத் திரும்பாவிட்டாலும், கோணல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடினாலும், இருபுறமும் தொய்ந்தாலும், அதே பக்கம் மறுபடி வந்தாலும் அது சாதாரண பெல் முகவாதமாக இல்லாமல் இருக்கலாம். கன்னச் சுரப்பிக் கட்டி, நடுக்காதுச் சீழ், தொழுநோய் எனத் தேட வேண்டியவை வேறு. எம்ஆர்ஐ ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் அப்போது தேவை.