வெல்லம் எத்தனை மடங்குக்கு வரும்?

ஆடி வெள்ளியன்று மும்பை மாதுங்காவில் விடியற்காலையிலிருந்து அடைமழை. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கிவிட்டால் கடைக்குப் போவதை மறந்துவிட வேண்டியதுதான். சரி, இருப்பதை வைத்துச் சர்க்கரைப் பொங்கல் செய்யலாம் என்று டப்பாக்களைத் திறந்தோம்.

எங்கள் வீட்டு அளவு, அதாவது ஒரு மடங்கு: 1 கப் அரிசிக்குக் கால் கப் பாசிப்பருப்பு, ஒன்றரை கப் பொடித்த வெல்லம், கால் கப் நெய். இருந்தது: அரிசி 5 கப், பருப்பு ⅔ கப், வெல்லம் மூன்றரை கப், நெய் முக்கால் கப்.

பார்த்தவுடன் பருப்புதான் பற்றாது என்று தோன்றும். ஆனால் கப்பையும் கப்பையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒவ்வொரு பொருளும் எத்தனை மடங்குக்கு வரும் என்றுதான் கேட்க வேண்டும். இருப்பை, ஒரு மடங்குக்குத் தேவையானதால் வகுக்க வேண்டும். அரிசி 5 மடங்கு. முக்காலில் மூன்று கால் இருப்பதால் நெய் 3 மடங்கு.

பருப்பில்தான் ஆறாவது படிக்கும் என் மகள் நின்றுவிட்டாள். ⅔ ÷ ¼. தலைகீழாக்கிப் பெருக்கினால் 8/3, அதாவது 2⅔. அதே பருப்பைக் கால் கப்பால் அள்ளியும் பார்த்தாள். இரண்டு முறை நிறைந்தது, கொஞ்சம் மிஞ்சியது.

"அம்மா, ரெண்டு கால் எடுத்தா அரை கப். ⅔-ல அரை போனா மிச்சம் ⅙ தானே? கணக்குல ⅔னு வருதே?"

அருமையான கேள்வி. இரண்டு விடையும் சரி. மிஞ்சிய பருப்பு கப்பில் ⅙. அதையே கால் கப்பில் கொட்டினால் மூன்றில் இரண்டு பங்கு உயரத்துக்கு வருகிறது. பன்னிரண்டு பங்காக்கினால் இன்னும் தெளிவு: ⅔ என்பது 8 பங்கு, ¼ என்பது 3 பங்கு. 8-இல் 3 இரண்டு முறை போய் 2 மிச்சம். அந்த 2, அடுத்த 3-இல் ⅔. வகுத்து வரும் விடை கப் கணக்கு இல்லை, மடங்குக் கணக்கு. தலைகீழாக்கும் விதியை இப்படி அள்ளிப் பார்த்த பிறகு சொல்லிக்கொடுப்பதே நல்லது என்பேன்.

அப்புறம் வெல்லம். மூன்றரையில் ஏழு அரை, ஒன்றரையில் மூன்று அரை. 7-ஐ 3-ஆல் வகுத்தால் 2⅓. பருப்பைவிடக் குறைவு! குவியலாகத் தெரிந்த வெல்லம்தான் முதலில் தீரும். அரிசி எவ்வளவு இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது.

வேதியியலிலும் இதே கணக்குதான். நீர் உருவாக இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும். ஹைட்ரஜன் 10, ஆக்சிஜன் 3 இருந்தால், 5 மடங்குக்கும் 3 மடங்குக்கும் இடையே சிறியதே முடிவு செய்யும். 6 நீர் மூலக்கூறு கிடைக்கும், 4 ஹைட்ரஜன் சும்மா இருக்கும்.

அரிசி 2⅓ கப் எடுத்தோம். பருப்பும் நெய்யும் அதில் கால் பங்கு, 7/12 கப். அதற்கு ஏது அளவுக் கப்? நம் பழைய அளவுகள்கூட படி, அதில் பாதி உரி, அதில் பாதி உழக்கு, அதில் பாதி ஆழாக்கு என்று பாதி பாதியாகத்தான் போகும். எத்தனை முறை பாதியாக்கினாலும் மூன்றில் ஒன்று வராது. ஆனால் 7/12 என்பது அரை கப்பும் 1/12 கப்பும். 240 மி.லி. கப்பில் 1/12 என்றால் 20 மி.லி., 5 மி.லி. டீஸ்பூனால் நான்கு.

பருப்பு டப்பாவில் மிஞ்சியது எவ்வளவு என்று மகளே கணக்குப் போட்டாள். 8/12-இல் 7/12 போக 1/12. அளந்தும் பார்த்தாள். சரியாக நான்கு டீஸ்பூன்.