லைட்ரூம் திணறுகிறதா? முதலில் கேட்டலாக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

ஆவணி பிறந்தால் எங்கள் கடையில் ஸ்டுடியோக்காரர்கள் கூட்டம்தான். அந்தப் பக்கம் கேரளத்தில் கர்க்கடக மாதம் முடிந்து சிங்க மாதம் பிறந்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரை முழுக்க முகூர்த்தம். இந்தப் பக்கம் குழித்துறை, மார்த்தாண்டத்திலும் அதே கதை. களியக்காவிளையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவனுக்கு இரண்டு மொழியிலும் ஒரே புகார்தான் வருகிறது: எஸ்எஸ்டி (முள்ளும் சுழலும் தட்டும் இல்லாத வேகமான டிஸ்க்) போட்ட பிறகும் ஃபோட்டோ எடிட் செய்யும் லைட்ரூம் ஸ்லோ.

இந்த வாரமும் ஒரு தம்பி வந்தார். காசைக் கொட்டி 2 டிபி எஸ்எஸ்டி வாங்கி, இதுவரை எடுத்த கல்யாண ரா ஃபைல்களையெல்லாம் (கேமரா அப்படியே பதிவு செய்யும் மூலப் படங்கள்) அதில் ஏற்றியிருக்கிறார். லைட்ரூம் தன் கணக்கை எழுதி வைக்கும் கேட்டலாக் மட்டும் யூஎஸ்பியில் தொங்குகிற பழைய போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்கில். கேட்டால், "படம்தானே அண்ணே பெருசு, கேட்டலாக் சின்ன ஃபைல்தானே, எங்க இருந்தா என்ன?" என்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

லைட்ரூம் கிளாசிக் உங்கள் ரா ஃபைலில் கையே வைப்பதில்லை. வெளிச்சத்தைக் கூட்டினீர்கள், கிராப் செய்தீர்கள், ஐந்து ஸ்டார் கொடுத்தீர்கள் என்றால் எல்லாம் கேட்டலாக்கில்தான் பதிவாகிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி. பணம் பெட்டியில் இருக்கும், ஆனால் எதைக் கேட்டாலும் நோட்டைத்தான் புரட்ட வேண்டும். அந்த கேட்டலாக்குக்குப் பக்கத்திலேயே பிரிவியூ (படங்களின் முன்னோட்ட நகல்கள்) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். திறந்து பாருங்கள், ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்கள். நீங்கள் கட்டம் கட்டமாகப் படங்களை உருட்டும்போது லைட்ரூம் தேடுவது ரா ஃபைலை அல்ல, இவற்றைத்தான்.

ஹார்டு டிஸ்க்கின் முள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகும். அதாவது சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களை நொடிக்கு நூற்றுச் சொச்சம் தடவைதான் அதனால் எடுத்துத் தர முடியும். சாட்டா என்கிற பழைய இணைப்பு வகையில் வரும் சாதாரண எஸ்எஸ்டிகூட பல்லாயிரம் தடவை எடுத்துத் தரும். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

இப்போது ரா ஃபைல் கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் சுமார் 30 எம்பி என்று வையுங்கள். 7200 ஆர்பிஎம் ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 எம்பி படித்தால் ஒரு படத்துக்கு 0.2 நொடி. எஸ்எஸ்டி 550 எம்பி படித்தால் 0.06 நொடிக்குள். மிச்சப்பட்டது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. அதற்கப்புறம் நீங்கள் காத்திருக்கிற ஒன்று, இரண்டு நொடியும் பிராசஸர் அந்தப் படத்தை விரித்துத் தருவதற்கு ஆகிற நேரம். இதற்காகவா தம்பி 2 டிபி எஸ்எஸ்டி? 500 ஜிபி வாங்கி, விண்டோஸ், லைட்ரூம், கேட்டலாக், பிரிவியூ, கேமரா ரா கேச் (ரா ஃபைலைப் படித்ததைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) ஆகியவற்றை அதில் வைத்து, ரா ஃபைல்களை உள்ளே பொருத்திய பெரிய ஹார்டு டிஸ்க்கில் விட்டிருந்தால் பாதிக் காசு கையில் நின்றிருக்கும்.

உங்கள் கேட்டலாக் எங்கே இருக்கிறது என்று தெரியாதா? எடிட் மெனுவில் கேட்டலாக் செட்டிங்ஸ், அதில் ஜெனரல். இடம் அங்கேயே காட்டும். மாற்ற வேண்டுமென்றால் லைட்ரூமை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை அப்படியே முழுசாக நகர்த்துங்கள். கேட்டலாக்கை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள், பிரிவியூவும் கூடவே வர வேண்டும். கேமரா ரா கேச் அளவு ப்ரிஃபரன்சஸில், பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 5 ஜிபி என்று கிடக்கும். 20 ஆக்குங்கள்.

ஸ்லைடரை இழுத்தால் படம் தாமதமாக மாறுகிறது, எக்ஸ்போர்ட் மணிக்கணக்கில் ஓடுகிறது, படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் டீநாய்ஸ் நகரவே இல்லை என்பதெல்லாம் டிஸ்க்கின் குற்றம் இல்லை. அது பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு சமாச்சாரம். எஸ்எஸ்டியைத் திட்டிப் பயனில்லை.

ஆல்பம் டிசைன் செய்கிறவர்களின் சிக்கல் வேறு. 12க்கு 36 இன்ச் ஷீட்டை 300 டிபிஐயில் திறந்தால் ஒரு முழு லேயரே கிட்டத்தட்ட 117 எம்பி. பத்துப் பன்னிரண்டு லேயர், பின்னணியில் குரோம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் ஓடும்போது 8 ஜிபி ரேம் எப்படித் தாங்கும்? ரேம் தீர்ந்ததும் ஃபோட்டோஷாப் டிஸ்க்கை ரேம் மாதிரிப் பயன்படுத்த ஆரம்பிக்கும். அதற்குப் பெயர்தான் ஸ்கிராட்ச் டிஸ்க். அதை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஆனால் அதைவிட முதலில் ரேமை 16 அல்லது 32 ஆக்குங்கள். பெட்டியில் நொடிக்கு 7000 எம்பி என்று அச்சடித்த என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி வகை) வாங்குகிற காசில் சாதாரண எஸ்எஸ்டியும் கூடுதல் ரேமும் வாங்கினால் இந்த வேலைக்கு அதுதான் லாபம். வியாபாரிகள் என்மேல் கோபப்படக்கூடாது.

மதர்போர்டிலேயே நேரடியாகச் செருகும் பட்டை வடிவ எம்.2 எஸ்எஸ்டி வாங்கும் முன் மதர்போர்டு மாடலைச் சொல்லிக் கேளுங்கள். சில ஸ்லாட் சாட்டா வகையை மட்டும் எடுக்கும், சில என்விஎம்இ மட்டும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் மாறி மாறி வேலை செய்கிறவர்கள் போர்ட்டபிள் எஸ்எஸ்டியில் கேட்டலாக் வைப்பதில் தவறில்லை. ஆனால் அதைக் கறுப்பு யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகிவிட்டு என்னிடம் வராதீர்கள். அது நடைமுறையில் நொடிக்கு 30, 40 எம்பியைத் தாண்டாது. எஸ்எஸ்டியோடு வந்த கேபிளைத் தொலைத்துவிட்டு ஃபோன் சார்ஜர் கேபிளில் மாட்டினாலும் இதே கதிதான்.

எஸ்எஸ்டியைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். மலிவான எஸ்எஸ்டிகளில் பெட்டியில் போட்ட எழுதும் வேகம் ஆரம்பத்தில் மட்டும்தான். முழுக் கல்யாணத்தையும் ஒரே மூச்சில் இறக்கினால் நடுவில் வேகம் ஹார்டு டிஸ்க்கைவிடக் கீழே போய்விடவும் கூடும். ஆன்லைனில் பென் டிரைவ் விலைக்கு வரும் 4 டிபி எஸ்எஸ்டியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டு, வெளியே பொய்க் கணக்கு. இருக்கிற இடம் தீர்ந்ததும் படங்கள் போய்விடும், ஆனால் ஃபைல் பெயர் மட்டும் ஒழுங்காகத் தெரியும். சந்தேகம் இருந்தால் உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்டபிள்யூ மென்பொருளை ஓட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. ஹார்டு டிஸ்க் சாவதற்கு முன் பெரும்பாலும் டக் டக் என்று சத்தமாவது போடும். எஸ்எஸ்டி பல நேரம் ராத்திரி நன்றாக இருந்து காலையில் காணாமல் போகும். அழித்த படத்தையும் அதிலிருந்து மீட்பது ஹார்டு டிஸ்க்கைவிடக் கஷ்டம். லைட்ரூமை மூடும்போது பேக்கப் கேட்டால் "ஸ்கிப் திஸ் டைம்" அழுத்துகிற கை ஒருநாள் அழும். அந்த பேக்கப்பில் கேட்டலாக் மட்டும்தான் இருக்கிறது, படங்கள் இல்லை. அதையும் அதே டிஸ்க்கில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். வேறு டிஸ்க்கைக் காட்டிக் கொடுங்கள்.

துலாம் (ஐப்பசி) மாதத்து மத்தியான இடி எப்படி இருக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டலாக் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. யூபிஎஸ் பேட்டரியை ஐப்பசிக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

தயவு செய்து, ஒரு வேண்டுகோள்: இரண்டு தனித்தனி டிஸ்க்கில் காப்பி எடுத்து, நடுநடுவே சில படங்களைத் திறந்தும் பார்த்துவிட்டு, அப்புறம் மெமரி கார்டை ஃபார்மட் செய்யுங்கள். ஒன்று ஸ்டுடியோவில் இருக்கட்டும், இன்னொன்று வீட்டில்.