தேன்சிட்டின் பெயரில் இருக்கும் லோட்டன் யார்?

கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகப் பிள்ளைகளை வாய்க்கால் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பட்டியலில் லோட்டன், ஜெர்டான், டிக்கெல், பிளைத் என்று வரிசையாகப் பெயர்கள் வர, "இவங்கெல்லாம் யாருங்க சார்?" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறாள். "அமெரிக்காவில இந்த மாதிரிப் பேரையெல்லாம் எடுத்துடப் போறாங்களாமே, அப்ப நம்ம பட்டியலும் மாறிடுங்களா?" என்பது ஆசிரியரின் கேள்வி.

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் ஒரு முடிவை அறிவித்தது. தன் பொறுப்பில் உள்ள பறவைகளில், மனிதர்களின் பெயரைத் தாங்கிய ஆங்கிலப் பெயர்களை எல்லாம் மாற்றப்போகிறார்கள். முதல் கட்டமாக அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் 70, 80 இனங்கள். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதிகளின் பெயர்கள் பறவைகளுக்கு எதற்கு என்பதில்தான் இந்த விவாதம் சூடு பிடித்தது. நம் ஊர்ப் பட்டியலுக்கு இந்த முடிவு பொருந்தாது. இரண்டு சொற்களால் ஆன அறிவியல் பெயர்களையும் அது தொடாது. எனவே டிக்கெல்லும் ஜெர்டானும் இப்போதைக்கு நம்மோடுதான் இருக்கப்போகிறார்கள்.

அந்த மாணவியின் கேள்விதான் பெரியது.

அவள் வீட்டு முருங்கைப் பூவுக்கே வந்து போகும் லோட்டன் தேன்சிட்டில் இருந்து தொடங்கலாம். ஊதாத் தேன்சிட்டு மாதிரியே கருநீலமாக மினுங்கும். ஆனால் அலகு இன்னும் நீளம், நன்றாக வளைந்திருக்கும், ஆணின் வயிறு மங்கிய பழுப்பு. யோவான் கிடியோன் லோட்டன் (1710–1789) டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். 1752 முதல் 1757 வரை இலங்கையில் கவர்னராக இருந்தார். அங்கே டி பெவெரெ என்ற ஓவியரை வைத்துப் பறவைகளையும் விலங்குகளையும் வரைய வைத்தார். அந்தப் படங்களோடு ஐரோப்பாவுக்குத் திரும்பியவர் லண்டனில் குடியேறினார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. உயிரினங்களுக்கு இரண்டு சொல் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1766இல் இந்தச் சிட்டுக்கு அவர் பெயரை வைத்தார். படம் வரைந்த டி பெவெரெயின் பெயர் தேன்சிட்டில் இல்லை. இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஒரு பறவையின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இருநூறு ஆண்டுக்கு முந்தைய மனிதரை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள்? முதல் தடயம் பெயரின் கடைசி எழுத்திலேயே இருக்கிறது. எனக்கு இதில்தான் கொள்ளை ஆசை.

அறிவியல் பெயரின் இரண்டாம் சொல் லத்தீன் இலக்கணப்படி அமைவது. ஒருவரின் நினைவாக வைக்கும்போது பெரும்பாலும் அவர் பெயரை ஆறாம் வேற்றுமையில் போடுவார்கள். 'இன்னாருடைய' என்று பொருள். தமிழில் 'உடைய' என்பது யாருக்கும் பொது. லத்தீனில் அப்படி இல்லை. ஓர் ஆண் என்றால் பெயர் 'ஐ' என்ற எழுத்தில் முடியும். ஒரு பெண் என்றால் 'ஏஇ' என்ற இரண்டு எழுத்து. பல ஆண்கள், அல்லது ஆணும் பெண்ணும் கலந்த கூட்டம் என்றால் 'ஓரும்'. பெண்கள் மட்டுமே என்றால் 'ஆரும்'. ஆக, பெயரை வாசித்த உடனேயே நாம் தேடுவது ஆணையா பெண்ணையா, ஒருவரையா பலரையா என்று தெரிந்துவிடுகிறது.

இதை வைத்துக்கொண்டு டிக்கெல் நீல ஈப்பிடிப்பானைப் பாருங்கள். ஆனைகட்டி, சிறுவாணிப் பக்கம் மூங்கில் புதருக்குள் நீல முதுகும் ஆரஞ்சு மார்புமாக உட்கார்ந்திருக்கும் சின்னப் பறவை. ஆங்கிலத்தில் 'டிக்கெல்லின்' என்று சொல்லும்போது எல்லோரும் சாமுவேல் டிக்கெல் (1811–1875) என்ற ராணுவ அதிகாரியைத்தான் நினைக்கிறார்கள். கட்டக்கில் பிறந்தவர், பறவைகளை நுணுக்கமாக வரைந்தவர், கடைசிக் காலத்தில் கண் பார்வையை இழந்தவர். ஆனால் எட்வர்ட் பிளைத் 1843இல் எழுதிய பெயர் 'டிக்கெல்லியே'. பெண்பால் விகுதி! ஆங்கிலப் பெயரில் காணாமல்போன ஒரு பெண், டிக்கெல் வீட்டுப் பெண், அறிவியல் பெயரின் இரண்டு எழுத்துக்குள் 180 ஆண்டுகளாக இருக்கிறார்.

இதேபோல் இன்னொரு பெண்ணும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் உள்ள பொன்முதுகு மரங்கொத்தியின் துணையினத்துக்கு 1934இல் 'தெமினே' என்று பெயரிட்டார்கள். பறவையியலாளர் சலீம் அலியின் மனைவி தெமினா. ஹைதராபாத், திருவிதாங்கூர் என்று அவருடைய கள ஆய்வுகளுக்கெல்லாம் கூடவே போனவர். 1939இல் இறந்துவிட்டார். அறிக்கைகளில் அவர் உழைப்பு எவ்வளவு பதிவாகியிருக்கிறதோ தெரியாது, மரங்கொத்தியில் பதிவாகிவிட்டது.

விகுதி வழிகாட்டும், அவ்வளவுதான்; ஆள் யாரென்று அதுவே சொல்லிவிடாது. அடுத்த படி, பெயரோடு ஒட்டிய ஆண்டு. இதற்கு நம் பகுதிக்கே நெருக்கமான ஒருவரைக் காட்டுகிறேன்.

கல்லாறு மாதிரி மலையடிவாரங்களில் செந்தலைப் பஞ்சுருட்டான் இருக்கிறது. மருதமலை, சத்தியமங்கலம் பக்கம் முள்ளுக்காட்டில் சிர்க்கீர் பூங்குயில் இருக்கிறது. மண்நிற உடம்பு, செர்ரிப்பழம் போல் சிவந்த அலகு, பறப்பதைவிட நடப்பதே அதிகம். இரண்டின் அறிவியல் பெயரும் லெஷெனோல்ட் என்ற ஒரே பிரெஞ்சுக்காரரைத்தான் சொல்கின்றன. ஆனால் பஞ்சுருட்டானுக்குக் கடைசியில் ஒற்றை 'ஐ', பூங்குயிலுக்கு இரட்டை 'ஐ'. அச்சுப்பிழை இல்லை. பஞ்சுருட்டானுக்குப் பெயர் வைத்தவர் லெஷெனோல்ட் என்ற பெயரோடு நேரே விகுதியைச் சேர்த்தார். பூங்குயிலுக்கு வைத்தவர் முதலில் அதை 'லெஷெனோல்ட்டியஸ்' என்று லத்தீனாக்கி, அப்புறம் விகுதி சேர்த்தார். முதலில் எப்படி எழுதப்பட்டதோ அப்படியே நிற்க வேண்டும் என்பது பெயரிடும் விதி. அதனால் ஒரே மனிதர் இரண்டு எழுத்துக்கூட்டலோடு வாழ்கிறார்.

பஞ்சுருட்டானின் ஆண்டு 1817, பூங்குயிலின் ஆண்டு 1830. இப்போது அவர் வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள். 1773இல் பிறந்த லெஷெனோல்ட், 1800இல் பொதேன் என்ற தளபதியின் கப்பலில் தாவரவியலாளராக ஆஸ்திரேலியா போனார். உடம்பு கெட்டு, 1803இல் தைமூரில் இறங்கிவிட்டார். அங்கிருந்து ஜாவா போய் மூன்று ஆண்டு சுற்றினார். பஞ்சுருட்டான் அந்த ஜாவா காலத்தின் சரக்கு. அங்கே அம்பில் தடவும் ஒரு விஷத்தையும் சேகரித்துக் கொண்டுபோனார். 1809இல் பாரிஸில் மஜாந்தி என்பவர் அதை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்து, அது தண்டுவடத்தைத் தாக்குகிறது என்று காட்டினார். அதில் இருந்தது நம் எட்டிக்கொட்டையில் உள்ள அதே ஸ்ட்ரிக்னின்தான். மருந்து உடம்பில் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்க்கும் அறிவியலுக்கு அது ஒரு தொடக்கப் புள்ளி.

அப்புறம் 1816இல் இந்தியா வந்து, புதுச்சேரியை மையமாக வைத்துத் தாவரங்கள் சேகரித்தார். 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் ஆட்களோடு நீலகிரி ஏறியவர்களில் இவரும் ஒருவர். நீலகிரி அப்போது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1826இல் பாரிஸில் இறந்தார். பூங்குயிலுக்குப் பெயர் வைக்கப்பட்டது அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து. பெயருக்குப் பின்னால் நிற்கும் ஓர் ஆண்டைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு கப்பல், ஒரு நோய், ஒரு விஷம், நம் ஊர் கலெக்டர் என்று இவ்வளவும் வருகிறது.

சரி, இப்படிப் பெயர் வைப்பதன் கணக்கு என்ன? அதற்கு பிளைத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்வர்ட் பிளைத் (1810–1873) கல்கத்தாவில் ஏஷியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தின் காப்பாளராக 1841இல் சேர்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டு, சம்பள உயர்வே இல்லாமல் உழைத்தார். அவர் காட்டில் அலைந்தது குறைவு. நாடு முழுவதும் இருந்த டாக்டர்களும் சிப்பாய்களும் பறவைத் தோலை உப்பும் ஆர்செனிக்கும் தடவிப் பார்சலில் அனுப்புவார்கள். இவர் பிரித்துப் பார்த்து, ஒப்பிட்டு, புதியது என்றால் விவரித்து அச்சிடுவார். அனுப்பியவருக்குக் கூலி கிடையாது. பெயர்தான் கூலி. சென்னை ராணுவத்தில் அசிஸ்டென்ட் சர்ஜனாக இருந்த தாமஸ் ஜெர்டான் (1811–1872) அனுப்பிய பறவைகளுக்கு ஈடாகத்தான் ஜெர்டான் பச்சைச்சிட்டு போன்ற பெயர்களை பிளைத் கொடுத்தார். டார்வின் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்திலேயே பிளைத்தின் கருத்தைத் தான் மிகவும் மதிப்பதாக எழுதியிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு சம்பள உயர்வு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அடிப்படை ஆய்வு செய்கிறவரை நடத்தும் முறை அன்று முதல் பெரிதாக மாறிவிடவில்லை என்பது என் எண்ணம்.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொரங்காடுகளில் குளிர்காலத்தில் பிளைத் நெட்டைக்காலியைத் தேடிப் பாருங்கள். புல்லோடு புல்லாக ஓடும் பழுப்புக் குருவி. அதன் ஆங்கிலப் பெயரில் கல்கத்தா பிளைத் இருக்கிறார். அறிவியல் பெயரில் இன்னொருவர்: விக்டர் கோட்லெவ்ஸ்கி. ரஷ்யப் பேரரசை எதிர்த்து 1863இல் கிளர்ந்த போலந்துக்காரர்களில் ஒருவர். சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே தன்னைப் போலவே தண்டனை பெற்ற திபோவ்ஸ்கி என்ற விலங்கியலாளரோடு சேர்ந்து பைக்கால் ஏரிக்கரையில் உயிரினங்களைச் சேகரித்தார். வார்சாவில் இருந்த தசனோவ்ஸ்கி என்ற பறவையியலாளர் 1876இல் இந்தக் குருவிக்கு அவர் பெயரை வைத்தார். சைபீரியாவின் தெற்கிலும் மங்கோலியாவிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும் பறவை இது. கைதியாக அவர் வாழ்ந்த நிலத்துக்கும் காங்கேயம் மாடு மேயும் நிலத்துக்கும் நடுவே ஆண்டுதோறும் அது போய் வருகிறது.

இவ்வளவு ஆட்களைச் சொன்னேன். இந்தப் பறவைகளை உண்மையில் கண்ணி வைத்துப் பிடித்தவர்கள், "அந்தப் பள்ளத்தில இருக்குதுங்க" என்று வழி காட்டியவர்கள் யார்? ஜெர்டானுக்குப் பறவை பிடித்துக் கொடுத்தவர்கள் உள்ளூர் வேட்டைக்காரர்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதும் மொழி ஆங்கிலம் இல்லை, அதனால் கூலியாகப் பெயர் கிடைக்கும் அந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லை. ஜெர்டான் கல்குருவி இதற்குச் சரியான சாட்சி. 1848இல் ஜெர்டான் கண்டறிந்த பறவை. 1900க்குப் பின் யார் கண்ணிலும் படாமல், அழிந்தேவிட்டது என்று எழுதிவிட்டார்கள். ஆந்திராவின் கடப்பைப் பக்கத்தில் 1986 ஜனவரி இரவு ஒன்றில், டார்ச் வெளிச்சத்தில் அதைப் பிடித்துக் காட்டியவர் ஐத்தண்ணா என்ற உள்ளூர்க்காரர். அதன் இரவு நடமாட்டத்தை அவர் போன்றவர்கள் அறிந்திருந்தார்கள். இரவில் நடமாடும் பறவை என்றால் அபசகுனம் என்று ஒதுங்கிக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அந்த இரவுப் பறவையைக் கவனித்துவைத்தவர்களால்தான் அந்த இனம் திரும்பக் கிடைத்தது.

இதை மாற்ற முடியும் என்று ஒருவர் காட்டியிருக்கிறார். அருணாசலப் பிரதேசத்தில் ரமணா ஆத்ரேயா என்ற ஆய்வாளர் 2006இல் விவரித்த புதுப் பறவைக்கு, அந்தக் காட்டைக் காக்கும் புகுன் மக்களின் பெயரை வைத்தார்: 'புகுனோரும்'. விகுதியைக் கவனியுங்கள், 'ஓரும்'. ஒரு கவர்னருடையதோ சர்ஜனுடையதோ அல்ல, ஒரு சமூகத்துக்கே உரியது. எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால் பறவையைக் கொல்லாமல், வலையில் சிக்கியதை அளந்து, படமெடுத்து, உதிர்ந்த இறகுகளை மட்டும் வைத்துக்கொண்டு விட்டுவிட்டார். ஆனைமலைக் காடர்கள், நீலகிரி அடிவார இருளர்கள் பெயரிலும் ஒரு பறவை வர வேண்டும் என்பது என் ஆசை.

மனிதப் பெயர்களை நீக்கலாமா என்று என்னைக் கேட்டால், நீக்குவதற்கு முன் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இருக்கும் ஆளைத் தேடி எழுதி வைத்துவிடுங்கள் என்பேன். பெயர் மாறினால் கதையைத் தேட யாருக்கும் காரணம் இருக்காது. இதற்கு ராக்கெட் செலவு ஆகாது. பழைய பதிவேடுகளையும் தோல்களில் கட்டிய சீட்டுகளையும் படமெடுத்து, எழுத்தாக்கி இணையத்தில் போட வேண்டும். கோவையில் வனக் கல்லூரி வளாகத்தில் 1902இல் தொடங்கிய காஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, ஆனைகட்டியில் சலீம் அலி மையம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ் பயணம்தான். வரலாறு படித்த நான்கு பேருக்கும் விலங்கியல் படித்த நான்கு பேருக்கும் சில ஆண்டுகள் சம்பளம் கொடுத்தால் தென்னிந்தியப் பெயர்களில் பெரும்பகுதியை முடித்துவிடலாம். ஆய்வு நிதி என்றாலே புதுக் கருவி வாங்குவது என்று நினைக்கிறவர்களுக்கு இது ஆராய்ச்சியாகவே தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

கோபி மாணவிக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஜெர்டான் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூல், பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பல பறவைகளுக்கு அவர் கேட்டறிந்த தமிழ்ப் பெயரையும் தெலுங்குப் பெயரையும் தந்திருக்கிறார். 'டிஏஎம்' என்று மூன்று எழுத்து இருக்கும் இடமெல்லாம் தமிழ்ப் பெயர். அதை எழுதி எடுத்துக்கொண்டு, உங்கள் அப்பத்தாவிடமும் ஆடு மேய்க்கிற பெரியவர்களிடமும் அந்தப் பறவையின் படத்தைக் காட்டி, அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் தேதியையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.