முதலில் அறிமுகமாகும் முகம்

போர்க்காலக் கொடுமைகளில் பங்கேற்ற பெண்ணைக் கதைப்படங்கள் பெரும்பாலும் சாட்டையும் பூட்ஸுமாக வரும் அரக்கியாகவோ, மறைவான ஒரு காயத்தால் வழிதவறியவளாகவோ காட்டுகின்றன. அரக்கி மலிவான பரபரப்புக்காகப் படைக்கப்படுபவள். அவளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டாமவள்தான் பார்வையாளரின் மனத்தில் நுட்பமாக வேலை செய்கிறாள்.

1946-இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு மனிதரின் ஆறு பண்புகளைச் சிலருக்கு வாசித்துக் காட்டினார். புத்திசாலி, உழைப்பாளி என்று தொடங்கிப் பிடிவாதக்காரர், பொறாமைக்காரர் என்று முடிந்த பட்டியலைக் கேட்டவர்கள், அதே சொற்களைத் தலைகீழ் வரிசையில் கேட்டவர்களைவிட அம்மனிதரை நல்லவிதமாக எண்ணினார்கள். முன்னால் வந்தது, பின்னால் வருவதற்கும் சாயம் பூசிவிடுகிறது.

'தி ரீடர்' (2008) படத்தில் ஹன்னாவை நாம் முதலில் காண்பது, தெருவில் நோயுற்று நிற்கும் சிறுவனுக்கு உதவும் டிராம் நடத்துநராக. பிறகு அவனுடைய காதலியாக. அவள் வதைமுகாம் காவலாளியாக இருந்தாள் என்பதும், பூட்டிய தேவாலயத்துக்குள் கைதிப் பெண்கள் தீயில் மாண்டபோது கதவு திறக்கப்படவில்லை என்பதும் நீதிமன்றத்தில்தான் தெரியவருகின்றன. அதற்குள் அவள் நமக்கு நெருக்கமாகிவிடுகிறாள், மாண்டவர்களுக்கோ முகமே இல்லை. கோவையில் ஒரு திரையிடலுக்குப் பின் நடந்த உரையாடல் முழுவதும், தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை அவள் மறைத்துவந்ததையே சுற்றிக்கொண்டிருந்தது.

வரலாற்றில் இப்படியொரு ரகசியத்தைத் தேடவேண்டிய தேவை குறைவு. நாஜி முகாம்களில் 3,000-க்கும் மேற்பட்ட பெண்கள் காவலர்களாக இருந்தார்கள். பலர் ரேவன்ஸ்புரூக் முகாமில் பயிற்சி பெற்றார்கள். பின்னாளில் கட்டாயத்தின் பேரில் வந்தவர்களும் உண்டு என்றாலும், நாளிதழ் விளம்பரம் பார்த்து, சம்பளமும் சீருடையும் தங்குமிடமும் கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள் இருந்தார்கள். திருப்பூர்ச் சுவர்களில் 'தங்குமிடம் இலவசம்' என்று ஒட்டியிருக்கும் மில் விளம்பரத்தைப் போன்ற வாசகம்தான் அவர்களை அழைத்தது. (ஒற்றுமை வாசகத்தில் மட்டுமே, வேலையில் அல்ல.)

போலந்து இயக்குநர் ஆந்திரெய் முங்கின் 'பசாஜெர்கா' (1963) இதை உணர்ந்த படம். அவுஷ்விட்ஸ் முகாமில் கைதியாக இருந்த ஸோஃபியா போஸ்மிஷின் கதை, கணவனுடன் கப்பலில் செல்லும் முன்னாள் காவலாளி லீசாவின் நினைவாக விரிகிறது. கைதிகளிடம் பறித்த பொருட்களின் கிடங்கு அவள் பொறுப்பு. கணவனிடம் அவள் சொல்வதும் பிறகு தனக்குள் நினைப்பதும் பொருந்துவதில்லை. முதலில் கேட்டது அவளுக்குச் சாதகமாகத் திருத்தப்பட்ட வாக்குமூலம் என்பது இரண்டாவதைப் பார்த்த பின்பே நமக்கு உறைக்கிறது. ஆஷ் கண்ட மனப்பழக்கத்துக்கு நாமே ஆளாகியிருந்தோம் என்பதும் அப்போதுதான் விளங்குகிறது. 1961-இல் முங்க் சாலை விபத்தில் இறந்துவிட, கப்பலில் நடக்கும் நிகழ்காலப் பகுதியைச் சக கலைஞர்கள் அசையாப் படங்களாகவே கோத்து வெளியிட்டார்கள். லீசாவைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்று ஊகித்து நிரப்ப அவர்கள் முயலவில்லை.