விலை கூடிய குளிசை, வீரியம் கூடிய குளிசை அல்ல

அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் நீரிழிவுக்குக் கொடுத்த கிளிக்கிளசைட் குளிசையையும் தனியார் வைத்தியரிடம் காட்டி வாங்கிய டயமைக்ரோனையும் சேர்த்து விழுங்கி, சீனி இறங்கி, வியர்த்து மயங்கிய நிலையில் இன்னுமொரு முதியவர் அண்மையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இரண்டும் ஒரே மருந்து, பெட்டியில் உள்ள பெயர்தான் வேறு. யாழ்ப்பாணத்தில் மருந்தாளராக வேலை செய்யும் எனக்கு இது புதிய செய்தி அல்ல என்பதே என் கவலை.

இதன் வேர் நம்மவர் மனதில் ஊறிப்போன ஒரு நம்பிக்கையில் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பது வீரியம் குறைந்தது, காசு கொடுத்து வாங்குவதே கேட்கும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். குளிசையின் வேலையைச் செய்வது அதனுள் இருக்கும் மருந்து. பெட்டியில் அச்சிட்ட பெயர் அல்ல. சாதாரண பனடோலில் இருப்பது 500 மில்லிகிராம் பரசிற்றமோல். அரசாங்க ஆஸ்பத்திரியில் சரையில் கட்டித் தரும் வெள்ளைக் குளிசையில் இருப்பதும் அதே 500 மில்லிகிராம் பரசிற்றமோல். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கம்பனியின் பெயருக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. காய்ச்சலைத் தணிப்பதில் அதற்குப் பங்கில்லை. பேராசிரியர் சேனக்க பிபிலேயைத் தலைவராகக் கொண்டு 1971இல் இலங்கையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டதே, மருந்துகளை கம்பனி வைத்த வணிகப் பெயரால் அன்றி, உள்ளிருக்கும் மருந்தின் பெயரான பொதுப் பெயரால் வாங்கி ஏழைக்கும் எட்டும் விலையில் தருவதற்காகத்தான். அந்த நாட்டில் வாழ்ந்துகொண்டு, ஓய்வூதியத்தில் பாதியைப் பெட்டியின் பெயருக்குக் கொடுப்பவர்களைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. (வலிப்புக்கும் தைரொயிட்டுக்குமான மருந்துகள், இரத்தம் உறையாமைக்கான வோபரின் ஆகியவற்றை மட்டும் வைத்தியரைக் கேளாமல் ஒரு கம்பனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டாம், அவற்றில் சிறு வேறுபாடும் பொருட்படுத்தத்தக்கது.)

வைத்தியர்கள் நீண்ட மருந்துத் துண்டு எழுதுகிறார்கள் என்ற முறைப்பாடும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் வெறும் பரசிற்றமோலும் ஓய்வும் போதும் என்று சொல்லி அனுப்பும் வைத்தியரை விட்டுவிட்டு, அன்ரிபயோற்றிக்கும் விற்றமினும் எழுதுபவரைத் தேடிப் போவது யார்? வைரஸ் காய்ச்சலுக்கு அன்ரிபயோற்றிக் எதுவும் செய்யாது. மாரி காலத்தில், டெங்கு பரவும் நாட்களில், உடம்பு நோவுக்கென்று டைக்குளோபெனாக்கோ இபுபுரோபனோ கேட்டு வாங்குவதோ இரத்தக் கசிவைக் கூட்டி உயிருக்கே உலைவைக்கக்கூடியது. தயவுசெய்து கேட்காதீர்கள்.

எந்த வைத்தியரிடம் போனாலும் கிளினிக் கொப்பியையும் வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரே பையில் கொண்டுபோங்கள். பொதுப் பெயர் என்ன என்று கேளுங்கள். மருந்தகத்தில் அதே மருந்து குறைந்த விலையில் உண்டா என்றும் கேளுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அயலவருக்குக் குணம் தந்த குளிசையை நீங்கள் விழுங்கவேண்டாம். பிரசர் இறங்கிவிட்டது என்று நீங்களாகவே மருந்தை நிறுத்தவும் வேண்டாம். அது மருந்தால்தான் இறங்கியது.

சிகிச்சை நிலையத்திலேயே மருந்து கொடுக்கும் வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெயரில்லாத சரைகளில் குளிசைகளைக் கொடுத்தனுப்பாதீர்கள். நள்ளிரவில் நோயாளி மயங்கி வரும்போது, அவர் எதை விழுங்கினார் என்று அந்த வெறும் கடதாசியிலிருந்து எங்கள் எவராலும் அறிய முடிவதில்லை; மருந்தின் பொதுப் பெயரையும் அளவையும் தெளிவான எழுத்தில் அதன்மேல் எழுதிவிடுங்கள்.